தியேட்டரிலிருந்து ஐ.சி.யூ. வரை: அளந்து கொடுக்க வேண்டிய மூச்சு

நர்சிங் மாணவிகள், அனஸ்தீசியா டெக்னீஷியன் படிப்பில் இருக்கும் பிள்ளைகள், இதய அறுவை செய்துகொண்டு தேறிவந்தவர்கள், அவர்கள் வீட்டார் என்று பலரும் இங்கே வந்திருக்கிறீர்கள். இதய அறுவைக்கு மயக்க மருந்து கொடுப்பது என் தொழில். அறுவையைப் பற்றி நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள். அறுவை முடிந்து நோயாளியைத் தியேட்டரிலிருந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு, அதாவது ஐ.சி.யூ.வுக்கு, தள்ளிக்கொண்டு போகும் சில நிமிடங்களில் அவருக்கு மூச்சு எப்படிக் கிடைக்கிறது, எப்படிக் கிடைக்க வேண்டும் என்பதை மட்டும் இன்று பேசப்போகிறேன். சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் பல மணி நேரம் பாடுபட்டுக் காப்பாற்றிய இதயத்தை அந்தச் சில நிமிடங்களில் தள்ளாட வைத்துவிட முடியும்.

முதலில் நோயாளியின் நிலையைப் பாருங்கள். நெஞ்செலும்பைக் கம்பியால் முறுக்கிக் கட்டியாயிற்று. தோலைத் தைத்தாயிற்று. இதயம் தானாகத் துடிக்கிறது. ஆனால் மூச்சு அவர் வசம் இல்லை. தசைகளைத் தளர்த்தும் மருந்து இன்னும் உடம்பில் இருக்கிறது. வலிக்காகக் கொடுத்த ஃபென்டானில், மூச்சுவிடச் சொல்லும் உந்துதலையே மூளையில் அடக்கி வைத்திருக்கிறது. 1953 மே 6ஆம் தேதி பிலடெல்ஃபியாவில் ஜான் கிப்பன் இதய-நுரையீரல் இயந்திரத்தை வைத்து முதன்முதலாக வெற்றிகரமான திறந்த இதய அறுவை செய்தபோது, நோயாளியாக இருந்த பெண்ணின் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பதிலாக இயந்திரம் முழுமையாக வேலை செய்தது 26 நிமிடம். இன்று ஒரு பைபாஸ் அறுவையில் அது ஒன்றரை மணி, இரண்டு மணி நேரம் ஓடும். அவ்வளவு நேரமும் நுரையீரல் காற்றில்லாமல் சுருங்கிக் கிடக்கிறது. இயந்திரத்தின் குழாய்களைத் தொட்டுத் திரும்பும் ரத்தம் உடம்பு முழுக்க ஓர் அழற்சியைக் கிளப்பிவிடுகிறது. நுரையீரலில் கொஞ்சம் நீர் கோத்துக்கொள்கிறது. அறுவை முடியும்போது மறுபடி விரித்துவிட்டாலும் அடிப்பகுதியில் சில இடங்கள் ஒட்டியபடியேதான் இருக்கும்.

அந்த நுரையீரலுக்கு வென்டிலேட்டர் என்ன கொடுக்கிறது? ஒரு மூச்சுக்கு இத்தனை மில்லிலிட்டர் என்று அளந்து கொடுக்கிறது. நோயாளியின் உயரத்துக்கு இருக்க வேண்டிய எடையைக் கணக்கிட்டு, கிலோவுக்கு 6 முதல் 8 மில்லி. 60 கிலோ என்று வந்தால் 360க்கும் 480க்கும் நடுவே ஓர் அளவு. நிமிடத்துக்கு 12 அல்லது 14 தடவை. இதைவிட முக்கியமான இன்னொன்று, மூச்சை வெளியே விட்ட பிறகும் நுரையீரலை முழுக்கச் சுருங்க விடாமல் 5 சென்டிமீட்டர் நீர் அழுத்தத்தை உள்ளேயே நிறுத்தி வைப்பது. அதற்குப் 'பீப்' என்று பெயர். அந்தச் சிறு அழுத்தம்தான், கஷ்டப்பட்டு விரித்த காற்றறைகளைத் திறந்தபடி வைத்திருக்கிறது.

இப்போது தியேட்டரில் நடப்பதைக் கவனியுங்கள். டிராலியை மேசையோடு ஒட்டி நிறுத்துகிறார்கள். "ரெடியா சார்?" என்று கேட்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி, விரிப்போடு சேர்த்து நோயாளியை இந்தப் பக்கம் இழுக்கிறார்கள். வென்டிலேட்டர் குழாயைக் கழற்றி, தொண்டைக்குள் போகும் ட்யூபில் ஆம்பு பேக் என்ற, கையால் அமுக்கும் பையை மாட்டுகிறார்கள். கழற்றிய அந்தக் கணத்தில் 5 சென்டிமீட்டர் அழுத்தம் பூஜ்யமாகிறது. உடம்பு பருத்தவர்களுக்கு நுரையீரலின் அடிப்பகுதி உடனே சுருங்கத் தொடங்கிவிடும். பிறகு ஒருவர் பையை அமுக்க ஆரம்பிக்கிறார். அவர் அனுபவமுள்ள டாக்டராக இருக்கலாம், முந்தாநாள் வேலைக்குச் சேர்ந்த டெக்னீஷியனாகவும் இருக்கலாம். யாராக இருந்தாலும், அவர் அமுக்கும்போது எத்தனை மில்லி உள்ளே போகிறது என்பது அவருக்குத் தெரியாது.

அவசரத்தில் கை வேகமாக அமுக்கும். இது மனித இயல்பு, யாரையும் குறை சொல்வதற்கில்லை. டிராலி ஓடுகிறது, லிஃப்ட் காத்திருக்கிறது, மானிட்டர் சத்தம் போடுகிறது. கால் ஓடும் வேகத்தில் கையும் ஓடும். நிமிடத்துக்கு 12 போதும் என்ற இடத்தில் 25, 30 என்று ஆகிவிடும். பெரியவர்களுக்கான பையில் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் காற்று பிடிக்கும். இரண்டு கையாலும் அழுத்தினால் தேவைக்கு மேல் போய்விடும். இதன் விளைவு ரத்தத்தில் தெரியும். கரியமில வாயு 35 முதல் 45 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருக்க வேண்டும். வேகமாக அமுக்கினால் அது கழுவிக்கொண்டு போய் 25க்கு வந்துவிடலாம். மூளையின் ரத்தக் குழாய்கள் கரியமில வாயுவுக்கு ஏற்பச் சுருங்கி விரிபவை. அது ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தம் ஏறக்குறைய 3 சதவீதம் குறையும். 40 இருந்த இடத்தில் 25 ஆனால், மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிடலாம். கழுத்து ரத்தக் குழாயில் ஏற்கெனவே அடைப்பு உள்ள வயதானவருக்கு இது விளையாட்டல்ல. கூடவே ரத்தம் காரத்தன்மை அடைந்து, பொட்டாசியம் செல்களுக்குள் இறங்கிவிடும். இப்போதுதான் தைத்த இதயம் தாளம் தப்பித் துடிக்க அது ஒன்றே போதும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் பல முறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பெரிய பெரிய மூச்சாக அடுக்கடுக்காகக் கொடுத்தால் நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறும். உடம்பிலிருந்து இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் அந்த அளவுக்குக் குறையும். இதயத்துக்கு வருவது குறைந்தால் இதயத்திலிருந்து போவதும் குறையும். பிரஷர் 110 இருந்தது 75 ஆகிறது. உடனே எல்லோர் கண்ணும் மருந்துப் பம்பின் மேல் போகிறது. "நார்அட்ரினலினை ஏத்துங்க" என்று ஒரு குரல். ஏற்றுகிறார்கள். காரணமோ பை அமுக்கும் கையில் இருக்கிறது. கையைக் கொஞ்சம் நிறுத்தி, மூச்சு முழுசாக வெளியே போக விட்டால் பிரஷர் தானாக எழும்பும். மருந்தைக் கூட்டுவதற்கு முன்னால் நான்கு விநாடி கையைப் பாருங்கள் என்று என் மாணவர்களிடம் ஓயாமல் சொல்வேன்.

எதிர்த்திசையிலும் ஆபத்து உண்டு. லிஃப்ட் கதவு மூடவில்லை, ஒருவர் பையை விட்டுவிட்டு டிராலியைப் பிடிக்கப் போனார் என்று வையுங்கள். மூச்சு குறைகிறது, கரியமில வாயு ஏறுகிறது. மூளையின் குழாய்கள் அதற்கு விரியும். நுரையீரலின் குழாய்களோ சுருங்கும். நம் நாட்டில் சிறு வயதில் வந்த முடக்குக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கிப்போய், ஆண்டுக்கணக்கில் நுரையீரல் அழுத்தம் ஏறியபடியே வாழ்ந்து, நாற்பது வயதில் வால்வு மாற்ற வரும் பெண்கள் ஏராளம். அவர்களுடைய இதயத்தின் வலப்பக்கம் ஏற்கெனவே களைத்துப் போயிருக்கும். கரியமில வாயு 60 ஆக ஏறினால் நுரையீரல் அழுத்தம் இன்னும் எகிறி, அந்த வலப்பக்கம் ஊதிப் பெருத்துத் திணறும். வால்வைப் புதிதாக வைத்தும் பயனில்லாத நிலை வரும். கையால் கொடுக்கும் மூச்சு மிகுந்தாலும் கேடு, குறைந்தாலும் கேடு.

கையை நான் இழிவுபடுத்துவதாக நினைக்க வேண்டாம். இன்று உலகத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவு என்று ஒன்று இருப்பதே பை அமுக்கிய கைகளால்தான். அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

1952ஆம் ஆண்டு கோடையில் கோபன்ஹேகன் நகரத்தைப் போலியோ தாக்கியது. பிளெக்டாம் மருத்துவமனையில் நோயாளிகள் வந்து குவிந்தார்கள். பலருக்கு விழுங்கவும் முடியவில்லை, மூச்சுவிடவும் முடியவில்லை. கையில் இருந்தது ஒரே ஓர் இரும்பு நுரையீரலும், நெஞ்சின் மேல் கவசம்போல் மாட்டும் 6 கருவிகளும். முதல் மூன்று வாரத்தில் அந்தக் கருவிகளில் வைத்த 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள். மருத்துவமனையின் தலைமை மருத்துவர் லாசென், வேறு வழியில்லாமல், மயக்க மருந்து நிபுணர் பியோர்ன் இப்சனை அழைத்தார். மயக்க மருந்து டாக்டருக்குத் தியேட்டருக்கு வெளியே வேலை இல்லை என்று கருதப்பட்ட காலம் அது.

இப்சன் இறந்தவர்களின் பதிவுகளைப் படித்தார். சாகும் முன் அவர்கள் ரத்தத்தில் பைகார்பனேட் ஏறியிருந்தது. ஏதோ விளங்காத காரத்தன்மை என்று டாக்டர்கள் நினைத்திருந்தார்கள். இல்லை, கரியமில வாயு வெளியே போகாமல் தேங்கித்தான் இவர்கள் செத்தார்கள் என்றார் இப்சன். ஆகஸ்ட் 27 அன்று, மூச்சு நின்றுபோகும் நிலையில் இருந்த 12 வயதுச் சிறுமியின் கழுத்தில் துளையிட்டு, ட்யூப் வைத்து, ரப்பர் பையால் ஆக்சிஜனை உள்ளே தள்ளினார்கள். சிறுமி திமிறினாள். இப்சன் மயக்க மருந்து கொடுத்து அவளை அடக்கி, பையை அமுக்க அமுக்க, நீலம் பாரித்த உடம்பு நிறம் திரும்பியது. அதன் பிறகு சுமார் 1500 மருத்துவ மாணவர்கள் முறை வைத்து, இரவும் பகலும், மாதக்கணக்கில் நோயாளிகளின் தலைமாட்டில் உட்கார்ந்து பை அமுக்கினார்கள். 87 சதவீதமாக இருந்த இறப்பு படிப்படியாகக் குறைந்து 25 அளவுக்கு வந்தது.

இந்தக் கதையில் மாணவர்களின் கைகளை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள், வைத்திருக்கவும் வேண்டும். அதே மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்துக்குத் தலைவராக இருந்த பௌல் ஆஸ்ட்ரூப்பை மறந்துவிடுகிறார்கள். இப்சன் சொன்னது சரியா என்று எப்படித் தெரிந்தது? ரத்தத்தின் அமிலத்தன்மையை ஆஸ்ட்ரூப்பின் ஆய்வுக்கூடம் அளந்து பார்த்ததால் தெரிந்தது. காரம் என்று நினைத்த ரத்தம் அமிலமாக இருந்தது. நூற்றுக்கணக்கான கைகள் வெவ்வேறு வேகத்தில் அமுக்கிக்கொண்டிருந்த இடத்தில், போதுமா, அதிகமா என்று சொல்ல ஓர் அளவு வேண்டியிருந்தது. அந்தத் தேவையிலிருந்துதான் ரத்தத்தின் கரியமில வாயு அழுத்தத்தைக் கண்டறிய ஆஸ்ட்ரூப் ஒரு முறையை வகுத்தார். இன்று ஐ.சி.யூ.வில் சில துளி ரத்தத்தை விட்டுச் சில நிமிடத்தில் முடிவைப் பார்க்கிறோமே, 'ஏ.பி.ஜி.' என்று, அந்தப் பரிசோதனையின் முன்னோடி அது. ஆக, கையும் அளவும் ஒரே மருத்துவமனையில், ஒரே கொள்ளைநோயில், ஒன்றாகப் பிறந்தவை. தியேட்டருக்கும் ஐ.சி.யூ.வுக்கும் நடுவில் நாம் கையை மட்டும் வைத்துக்கொண்டு அளவை விட்டுவிட்டோம் என்பதுதான் என் ஆதங்கம்.

அடுத்த நான்கே ஆண்டில், 1956இல், அதே டென்மார்க்கில் ஹென்னிங் ரூபன் என்ற மயக்க மருந்து நிபுணரும் ஹோல்கர் ஹெஸ்ஸ என்ற பொறியாளரும் சேர்ந்து ஆம்பு பேகைக் கொண்டுவந்தார்கள். கையை எடுத்தால் தானாக விரியும் பை. ஆக்சிஜன் தீர்ந்துபோனாலும் அறைக்காற்றை இழுத்துக்கொண்டு வேலை செய்யும். இந்தக் குணத்துக்காகத்தான், எத்தனை நவீன வென்டிலேட்டர் வந்தாலும் டிராலியில் ஆம்பு பேக் கட்டாயம் இருக்க வேண்டும் என்கிறேன். பெய்ன் சர்க்யூட் என்ற, சிலிண்டர் வாயுவால் நிரம்பும் குழாயும் பையும் வைத்துக் கொண்டுபோவதில் பழகியவர்கள் நம் ஊரில் நிறைய இருக்கிறார்கள். நல்ல கருவிதான்; நுரையீரல் இறுகியிருக்கிறதா, இளகியிருக்கிறதா என்பது விரலுக்கே தெரியும். ஆனால் சிலிண்டர் தீர்ந்த மறுகணம் அது வெறும் குழாய்.

சிலிண்டர் என்றதும் ஒரு கணக்கு. டெக்னீஷியன் பிள்ளைகள் கவனியுங்கள். தினமும் நடக்கும் உரையாடல் இது.

"தம்பி, சிலிண்டர்ல எவ்வளவு இருக்கு?"

"ஃபுல்லா இருக்கு சார்."

"முள்ளு எங்க நிக்குது, பார்த்துச் சொல்லுப்பா."

"ஐம்பதுல சார்."

கறுப்பு உடம்பும் வெள்ளைத் தோளுமாக டிராலியில் படுத்திருக்கும் 'பி டைப்' சிலிண்டரின் கொள்ளளவு 10 லிட்டர் தண்ணீர். 150 அழுத்தத்துக்கு அடைத்தால் 10 பெருக்கல் 150, ஆக 1500 லிட்டர் ஆக்சிஜன். முள் 50இல் நின்றால் 500 லிட்டர். நிமிடத்துக்கு 15 லிட்டர் விட்டால் அரை மணி நேரம் வரும். பத்து நிமிடப் பயணத்துக்கு அது தாராளம் என்று தோன்றும். மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டால்? ஐ.சி.யூ.வில் கட்டில் இன்னும் தயாராகவில்லை என்று வராந்தாவில் நிறுத்தி வைத்தால்? எதிர்பார்க்கும் நேரத்தைப் போல இரண்டு மடங்குக்கு ஆக்சிஜன் இருந்தால்தான் கிளம்ப வேண்டும். அதற்கு மேலும் ஒரு கையிருப்பு வேண்டும். வால்வைத் திறந்து வைத்து முள்ளைப் பாருங்கள், மூடிய சிலிண்டரின் முள் எதையும் சொல்லாது. திறக்கும் சாவியை ஒரு கயிற்றில் கட்டி சிலிண்டரோடே தொங்கவிடுங்கள். சாவி தேடி ஓடுவதைப் பார்த்து எனக்கு நெஞ்சு பதறியதுண்டு.

சரி, கைக்கு மாற்று என்ன? டிரான்ஸ்போர்ட் வென்டிலேட்டர் என்று சிறிய, பாட்டரியில் ஓடும் கருவிகள் இருக்கின்றன. தியேட்டரில் கொடுத்த அதே அளவு, அதே வேகம், அதே பீப், மாறாமல் கூடவே வரும். கையால் அமுக்குவதையும் இந்தக் கருவிகளையும் ஒப்பிட்டு 1980களின் பிற்பகுதியிலேயே ஆய்வுகள் வெளிவந்துவிட்டன. கையால் அமுக்கும்போது கரியமில வாயு ஏறி இறங்குவதும், அளவு காட்டும் மீட்டரை இணைத்துவிட்டால் அந்தத் தடுமாற்றம் குறைவதும் அப்போதே தெரிந்த செய்தி. இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம், தீர்மானிப்பது கருவியின் விலை அல்ல, அளவு கண்ணுக்குத் தெரிகிறதா என்பதுதான். வென்டிலேட்டர் வாங்க வசதியில்லாத மருத்துவமனைகூட, ஆம்பு பேகின் வாயில் மாட்டும் பீப் வால்வு என்ற சிறிய பிளாஸ்டிக் மூடியையும், வெளிவரும் மூச்சின் கரியமில வாயுவைக் காட்டும் கேப்னோகிராஃபையும் வைத்துக்கொண்டால் பெரும்பாலான ஆபத்துகளைத் தடுத்துவிடலாம்.

கேப்னோகிராஃப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல ஆசைப்படுகிறேன். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரை எல்லோருக்கும் தெரியும். கோவிட் காலத்தில் வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. 1970களில் ஜப்பானில் தகுவோ அயோயகி கண்டுபிடித்த அற்புதமான கருவி அது. ஆனால் இதய அறுவை முடிந்தவரின் விரல் சில்லென்று இருக்கும், அலை சரியாக வராது. மூச்சு தடைப்பட்டாலும், உடம்பில் சேமிப்பாக இருக்கும் ஆக்சிஜன் தீரும்வரை 98 என்றே காட்டிக்கொண்டிருக்கும். கேப்னோகிராஃப் அப்படியல்ல. ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு மேடை வடிவ அலை. ட்யூப் கழன்றால் அடுத்த மூச்சிலேயே கோடு தரையில் படுத்துவிடும். ட்யூப் சரியாகவே இருந்து, மூச்சும் சரியாகவே போய், அலையின் உயரம் மட்டும் படபடவென்று இறங்கினால் என்ன அர்த்தம்? நுரையீரலுக்கு ரத்தம் வரவில்லை, இதயம் தளர்கிறது, அல்லது நெஞ்சுக்குள் ரத்தம் கட்டி இதயத்தை நெருக்குகிறது. மூச்சைப் பார்க்க வைத்த கருவி இதயத்தின் சேதியைச் சொல்கிறது. அது காட்டும் எண் ரத்தத்தில் உள்ளதைவிடச் சற்றுக் குறைவாகத்தான் இருக்கும், பலவீனமான இதயத்தில் அந்த வித்தியாசம் கூடும். அதனால் எண்ணைவிட அது போகும் திசையைப் பாருங்கள். பிரிட்டனில் மூச்சுவழி விபத்துகளை நாடு முழுவதும் திரட்டி ஆராய்ந்து 2011இல் ஓர் அறிக்கை வந்தது. ஐ.சி.யூ.க்களில் நடந்த மூச்சுவழி மரணங்களில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றில் கேப்னோகிராஃப் இல்லாததும் ஒரு காரணம் என்று அது சொன்னது. இதைப் படித்த பிறகும் அது இல்லாமல் டிராலியைத் தள்ள எனக்கு மனம் வருவதில்லை.

ட்யூபின் விஷயம் சுருக்கமாக. பெண்களுக்கு 21, ஆண்களுக்கு 23 சென்டிமீட்டர் என்று உதட்டருகே ஒட்டுகிறோம். தலையை முன்னால் குனிய வைத்தால் ட்யூபின் நுனி 2 சென்டிமீட்டர் அளவுக்கு உள்ளே இறங்கும், பின்னால் சாய்த்தால் அவ்வளவு மேலே ஏறும். தலையணையை மாற்றி வைப்பதே போதும், அது வலப்பக்க நுரையீரலுக்குள் மட்டும் நுழைந்து இடப்பக்கம் காற்றில்லாமல் போக. ஆகவே டிராலிக்கு மாற்றியதும் நெஞ்சின் இரண்டு பக்கமும் ஒருபோல எழும்புகிறதா என்று பாருங்கள், ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேளுங்கள். நெஞ்சிலிருந்து ரத்தம் வடிக்கும் டிரெயின் குழாய்களைக் கவ்வி மூடிவிட்டுக் கிளம்பும் பழக்கம் சில இடங்களில் உண்டு. வேண்டாம். அழுத்தத்தோடு மூச்சு கொடுக்கும்போது நுரையீரலில் சிறு கசிவு இருந்தால் காற்றுக்கும் வழி வேண்டும், ரத்தத்துக்கும் வழி வேண்டும். பாட்டிலை நெஞ்சுக்குக் கீழே வைத்து, குழாயைத் திறந்தபடியே கொண்டுபோக வேண்டும்.

இதுவரை பெரியவர்களைப் பற்றிச் சொன்னேன். என் மனத்தை அதிகம் உறுத்துவது பச்சைக் குழந்தைகளின் பயணம். இதயத்தின் ஒரு கீழறை வளராமலே பிறக்கும் குழந்தைகள் உண்டு. பிறந்த சில நாளில் அவர்களுக்கு முதல் அறுவை நடக்கும். அதன் பிறகு இருக்கும் ஒரே கீழறை, நுரையீரலுக்கும் உடம்புக்கும் சேர்த்து ரத்தத்தைப் பங்கிட்டு அனுப்பும். யாருக்கு எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது நுரையீரல் குழாய்களின் இறுக்கம். ஆக்சிஜன் அந்தக் குழாய்களைத் தளர்த்தும். கரியமில வாயு குறைந்தாலும் அவை தளரும். அப்படியானால், முழு ஆக்சிஜனை இணைத்து ஒரு பதற்றக் கை வேகவேகமாக அமுக்கினால் என்ன ஆகும்? ரத்தம் எல்லாம் நுரையீரலுக்கே பாயும். குடலும் சிறுநீரகமும் இதயமும் பட்டினி கிடக்கும். மானிட்டரில் ஆக்சிஜன் 95 என்று வரும். பார்க்கிறவர்கள் மகிழ்ந்து போவார்கள். இந்தக் குழந்தைக்கு இருக்க வேண்டியது 75க்கும் 85க்கும் இடையில். 95 என்றால் உடம்புக்குப் போக வேண்டிய ரத்தம் திருட்டுப் போகிறது. ஐ.சி.யூ.வுக்குப் போய்ப் பரிசோதித்தால் ரத்தத்தில் அமிலம் ஏறியிருக்கும், பிரஷர் விழுந்திருக்கும். ஆக்சிஜனையும் ஒரு மருந்தாக எண்ணி, எத்தனை சதவீதம் என்று எழுதி, கலந்து கொடுக்க வேண்டிய இடம் இது. நுரையீரல் அழுத்தத்துக்காக நைட்ரிக் ஆக்சைடு வாயு கொடுத்துக்கொண்டிருந்தால் அதையும் வழியில் நிறுத்தக் கூடாது; திடீரென்று நிறுத்தினால் அழுத்தம் முன்பைவிட மேலே தாவும்.

ஐ.சி.யூ. கட்டிலுக்கு வந்து சேர்ந்ததும் நடக்கும் குழப்பம் தனி. லண்டனில் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையில் மார்ட்டின் எலியட் என்ற அறுவை நிபுணரும் ஆலன் கோல்ட்மன் என்ற ஐ.சி.யூ. டாக்டரும் இதைக் கண்டு வருந்தியவர்கள். தொலைக்காட்சியில் ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயத்தைப் பார்த்தபோது அவர்களுக்கு ஒன்று பட்டது. வண்டி நின்றதும் ஆளுக்கொரு வேலை, பேச்சு இல்லை, மோதல் இல்லை, சில விநாடியில் சக்கரம் மாற்றி அனுப்பிவிடுகிறார்கள். ஃபெராரி அணியினரிடமே போய், தாங்கள் நோயாளியை ஒப்படைக்கும் விதத்தைப் படம்பிடித்துக் காட்டினார்கள். யார் தலைமை, யார் எதைச் செய்வது என்றே தெரியவில்லையே என்று அவர்கள் வியந்தார்களாம். பிறகு முறையை மாற்றினார்கள். தலைமை மயக்க மருந்து டாக்டருக்கு. மூச்சு அவர் பொறுப்பு, மானிட்டர் டெக்னீஷியன் பொறுப்பு, டிரெயின் குழாய்கள் நர்ஸ் பொறுப்பு. முதலில் கருவிகளை மாற்றுவது. எல்லாம் நிலைத்த பிறகே வாய் திறந்து விவரம் சொல்வது. 2007இல் வெளியான அவர்கள் ஆய்வில், ஓர் ஒப்படைப்புக்குச் சராசரி 5.42 ஆக இருந்த தொழில்நுட்பப் பிழைகள் 3.15 ஆகக் குறைந்தன. சொல்லாமல் விட்ட தகவல்கள் 2.09இலிருந்து பாதியாகி 1.07 ஆயின. நேரமும் கூடவில்லை, சற்றுக் குறைந்தே போனது.

இந்த வரிசைதான் எனக்கு மிகவும் பிடித்தது. நம் இடங்களில் டிராலி உள்ளே நுழையும்போதே ஐ.சி.யூ. டாக்டர் "என்ன கேஸ், எத்தனை கிராஃப்ட், பம்ப் டைம் எவ்வளவு?" என்று கேட்கத் தொடங்கிவிடுகிறார். பை அமுக்குகிறவர் பதில் சொல்கிறார். சொல்லிக்கொண்டே அமுக்குவதை மறக்கிறார். முதலில் வென்டிலேட்டரை மாட்டட்டும், நெஞ்சு எழும்புவதைப் பார்க்கட்டும், அலை வரட்டும். அதுவரை கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாதா?

குடும்பத்தாருக்கும் ஒரு வார்த்தை. தியேட்டர் வாசலில், லிஃப்ட் அருகில் நீங்கள் மணிக்கணக்காக நிற்பீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். டிராலி வெளியே வரும்போது ஓடிவந்து, "டாக்டர், அம்மா எப்படி இருக்காங்க, கண்ணத் திறந்தாங்களா?" என்று கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் தலைமாட்டில் நின்று பையைப் பிடித்திருப்பவரிடம் கேட்காதீர்கள், அந்த நேரத்தில் அவர் உங்கள் அம்மாவுக்காக மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறார். மருத்துவமனைக்காரர்களும் இவர்களை விரட்டக் கூடாது. நோயாளி கிளம்பும் முன்பே ஒருவர் வெளியே வந்து, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, தொண்டையில் ட்யூபோடு வருவார், கண் திறக்க மாட்டார், பயப்பட வேண்டாம், உள்ளே சேர்த்துவிட்டு வந்து பேசுகிறோம் என்று சொன்னால் அந்த வராந்தா அமைதியாகிவிடும். இதைச் செய்ய ஒரு ரூபாய் செலவில்லை.

1975இல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவையைச் செய்தார். இன்று முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தால் கூலி வேலை செய்பவருக்கும் அந்த அறுவை கிடைக்கிறது. இது நமக்குப் பெருமை. ஆனால் பல கட்டடங்களில் தியேட்டர் ஒரு மாடியில், ஐ.சி.யூ. இன்னொரு மாடியில். புதிதாகக் கட்டுகிறவர்கள் இரண்டையும் ஒரே தளத்தில், ஒரே கதவின் இரு பக்கமாக வைக்கட்டும். பழைய கட்டடத்தில் இருப்பவர்கள், அந்த லிஃப்டை நோயாளி இறங்கும் நேரத்துக்கு நிறுத்தி வைக்க ஓர் ஆளைப் போடட்டும்.

கடைசியாக என் கோரிக்கை ஒன்று, மருத்துவமனை நிர்வாகிகளுக்கும் என் சக டாக்டர்களுக்கும். அனஸ்தீசியா சார்ட் தியேட்டர் கதவோடு முடிகிறது. ஐ.சி.யூ. சார்ட் கட்டிலில் தொடங்குகிறது. நடுவில் உள்ள நிமிடங்களுக்குத் தாள் இல்லை. பல மருத்துவமனைகளில் பார்த்துவிட்டேன், அந்த இடம் வெறுமையாகவே இருக்கிறது. எழுதாததால்தான் அங்கே என்ன நடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அனஸ்தீசியா சார்ட்டின் அடியிலேயே ஒரு கட்டம் போடுங்கள். கிளம்பிய நேரம், சேர்ந்த நேரம். சிலிண்டர் முள் நின்ற இடம். மூச்சு கொடுத்தவர் பெயர். கிளம்பும்போதும் லிஃப்டிலும் சேரும்போதும் கேப்னோகிராஃப் காட்டிய எண்ணும் பிரஷரும். அதன் கீழே, சேர்ந்த கால் மணி நேரத்துக்குள் எடுத்த முதல் ஏ.பி.ஜி.யில் வந்த கரியமில வாயு. ஓர் ஆண்டு இதை எழுதிச் சேர்த்து, நர்ஸ், டெக்னீஷியன், டாக்டர் எல்லோரும் ஒரு மேசையில் உட்கார்ந்து படியுங்கள். எந்த மாடியில், எந்த நேரத்தில், யார் ஷிஃப்டில் மூச்சு தப்புகிறது என்று அந்தத் தாள்களே சொல்லிவிடும். கட்டத்தின் மாதிரி ஒன்றை வரைந்து கொண்டுவந்திருக்கிறேன். வேண்டியவர்கள் போகும்போது மேடைக்குப் பக்கத்தில் வந்து வாங்கிக்கொள்ளலாம்.